இங்கே கறுப்புதான் பேஸ்

போன ஜூலையில் அமெரிக்காவின் டெக்சஸில், ஹில் கன்ட்ரி பக்கம் ஒரு தனியார் முகாமில் எங்கள் டிரெய்லரை, அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீட்டை, நிறுத்தியிருந்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு ஏசியின் சத்தம் மாறியது. அந்த முனகல் எனக்குப் பழக்கம். அருப்புக்கோட்டையில் சாயங்காலம் தெருவே லைட்டும் டிவியும் போட்டதும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் இப்படித்தான் முக்கும். மல்டிமீட்டரை எடுத்துச் சாக்கெட்டில் வைத்தேன். 101 வோல்ட். இங்கே 120 வரவேண்டும்.

காரணம் புதிதல்ல. டிரான்ஸ்பார்மர் ஒரு கோடியில், நாங்கள் மறுகோடியில், நடுவில் வரிசையாக ஏசி போட்ட டிரெய்லர்கள். நீளமான கம்பியில் கரண்ட் ஏற ஏற, கடைசி வீட்டுக்கு வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரசர் சும்மா மெதுவாக ஓடிவிட்டுப் போகாது. திணறி, வழக்கத்தைவிட அதிகமாகக் கரண்டை இழுக்கும், உள்ளே கம்பிச் சுருள் சூடேறும். ஒரே நாளில் சாகாது, அதுதான் சங்கடம்.

என்னிடம் சர்ஜ் புரொடெக்டர் இருந்தது. பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. மின்னல் வெட்டினால் வரும் கண்ணிமைக்கும் நேரப் பாய்ச்சலை அது விழுங்கும், அவ்வளவுதான். லோ வோல்டேஜைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

வீட்டுக்குத் திரும்பியதும் ஈஎம்எஸ் வாங்கினேன். எனர்ஜி மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்று பெரிய பேர், செங்கல் அளவு பெட்டி. 104 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் 132-க்கு மேலே போனாலும் லைனை வெட்டிவிடும். எர்த் இல்லையென்றாலும், கரண்ட் வரும் பேஸ் கம்பியும் அது திரும்பிப் போகும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் உள்ளே கரண்டை விடாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. டிரெய்லருக்கான 30 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மூன்று ஓட்டை. பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் அதைத் துணி டிரையருக்கான சாக்கெட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவது உண்டு. அப்படி ஒன்றில் செருகினால் மைக்ரோவேவிலிருந்து பேட்டரி சார்ஜர் வரை எல்லாம் காலி.

நம்மூர் ஸ்டெபிலைசர் மாதிரி வோல்டேஜை ஏற்றிக் கொடுக்குமா என்றால், கொடுக்காது. இது வாசலில் நிற்கும் காவலாளி மட்டும்தான்.

வெளியிலிருந்து வரும் கேபிளுக்கும் பிரேக்கர் பெட்டிக்கும் நடுவில் இதைப் பொருத்தவேண்டும். எங்கள் டிரெய்லரில் அது கட்டிலுக்கு அடியில். பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றி, மல்டிமீட்டரில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கையை வைத்தேன். கேபிளை வெட்டியதும் கறுப்பு, வெள்ளை, பச்சை. என் கை தானாகக் கறுப்பை எடுத்துக்கொண்டு நியூட்ரல் முனைக்குப் போனது. சின்ன வயசில் அப்பாவுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கும்போது காதில் ஏறிய பாடம்: "செவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த்." இங்கே கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல். பதினாறு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், கைக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. மாஸ்கிங் டேப்பைக் கிழித்து, கறுப்பில் 'பேஸ்' என்று தமிழில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை.

பத்து கேஜ் கம்பி முருங்கைக் கிளை மாதிரி விறைப்பு. வளைத்து, திருகி, மூடியைப் போட்டு, கரண்ட் கொடுத்தால் வோல்ட் 121 என்று காட்டுகிறது, ஆம்பியர் பூஜ்யம். ஏசி ஓடுகிறது, அப்போதும் பூஜ்யம்! பெட்டிக்குள் ஆம்பியரை அளக்க வடை மாதிரி ஒரு வளையம் இருக்கிறது. கறுப்புக் கம்பியை அதற்குள் நுழைத்து மாட்டியிருக்க வேண்டும். மறுபடி எல்லாவற்றையும் அணைத்து, கழற்றி, நுழைத்து, மாட்டி... இருட்டிவிட்டது.

கரண்ட் கொடுத்ததும் 136 வினாடி எதுவுமே ஓடாது. கம்ப்ரசர் நின்ற சூட்டில் உடனே கிளம்பினால், உள்ளே அழுத்தம் இறங்காமல் முக்கிக்கொண்டு நிற்கும் என்பதால் இந்தக் காத்திருப்பு. முதல் தடவை என் மனைவி, "என்னங்க, இருந்ததையும் கெடுத்துட்டீங்களா?" என்றாள். பதில் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். டக் என்றது.

ஜெனரேட்டரோடு ஒரு சின்னத் தகராறு. கையில் தூக்கும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் நியூட்ரலும் எர்த்தும் உள்ளே இணைந்திருக்காது. ஈஎம்எஸ் அதை எர்த் இல்லாத லைன் என்று எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டது. இரண்டையும் இணைக்கும் சின்ன பிளக் ஒன்றை ஜெனரேட்டரின் இன்னொரு சாக்கெட்டில் செருகியதும் திறந்தது. இதை ஜெனரேட்டரில் மட்டும்தான் போடவேண்டும், முகாம் லைனில் கூடாது.

இந்த ஆகஸ்டில் அதே முகாம், அதே வரிசை. மூன்றேகாலுக்கு வெட்டியது. பிள்ளைகள் ஆற்றுக்கு ஓடினார்கள். நாலரைக்கு லைன் தேறி, அதுவே டக்கென்று திரும்பக் கொடுத்தது. அந்நேரம் ஊரில் விடிந்திருக்கவில்லை, ஆனால் அப்பா எழுந்து உட்கார்ந்திருப்பார். வீடியோவில் டிஸ்பிளேயைக் காட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எவ்வளவுடா? நூத்தி எட்டா?"

"ஆமாப்பா."

"நம்ம வீட்டுலயே நூத்தி எழுபதுக்குக் கீழ போனா நான் ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணிருவேன். என்னடா ஊரு அது?"

இங்கே மொத்தமே 120 தான் என்று நான் தொடங்குவதற்குள், போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.