சோளகப் புழுதியும் குளிரூட்டியின் வலையும்

தென்மேற்குக் காற்றான சோளகம் வீசத் தொடங்கினால் எங்கள் வளவின் செம்மண் புழுதி அறைக் குளிரூட்டிக்குள்ளும் புகுந்துவிடும். முன்மூடியைத் திறந்து தூசி வடிகட்டும் வலையை உருவியபோது, வலைக்கண்கள் தெரியாதவாறு சாம்பல் நிறத் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது; குளிர்ச்சி குறைந்ததற்குக் குளிரூட்டும் வாயு குறைந்ததே காரணம் என்று திருத்துநர் ஒருவர் சொன்னதை நம்பி முதலே காசும் கொடுத்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வலையைக் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். கடும் வெயிலில் நெளிந்துவிடும். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புத் தன்மையுடையதாகையால், வெண்படிவு ஒட்டாதிருக்கத் துணியால் ஒற்றிவிடுகிறேன்.

கனடாவிலுள்ள மச்சாள் வீட்டிலோ, வெப்பமூட்டிக்கும் குளிரூட்டிக்கும் பொதுவான மடிப்பு வடிகட்டி; அதைக் கழுவ இயலாது, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். வடிகட்டும் திறனைக் காட்டும் மெர்வ் (MERV) எண் கூடினால் நுண்தூசி அதிகம் பிடிபடும், ஆனால் விசிறி தாங்காவிட்டால் காற்றோட்டம் குறையும். அவர் 13ஐ வாங்கிவிட்டு 8க்குத் திரும்பியது அதனால்தான்.