புரட்டாசி மாரத்தான்

செப்டம்பர் கடைசியில் பெர்லின், அக்டோபரில் சிகாகோ, நவம்பரில் நியூயார்க். இலையுதிர் கால மாரத்தான் என்று அந்தப் பக்கத்து ஓட்டக்காரர்கள் இதைத்தான் வருஷம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். குளிர்ந்த காற்று, மஞ்சள் இலை, கையுறை. மலேசியாவில் எங்கள் ஊரான பெஸ்தாரி ஜெயாவில் இலை உதிர்வது என்றால் பழம் வெட்டும்போது சேர்த்து வெட்டிப் போடும் செம்பனை (பாமாயில் மரம்) மட்டைதான். அதற்குக் காலமெல்லாம் கிடையாது.

நான் ஓடுவது கோலாலம்பூர் மாரத்தான். அதுவும் இப்போது அக்டோபர் தொடக்கத்தில் வருவதால் என்னுடைய இலையுதிர் காலத்துக்குப் பெயர் புரட்டாசி. வீட்டில் மீன், கோழி கிடையாது. ராஜா மூசா பக்கத்துச் சதுப்புக் காட்டில் மண் பற்றிக்கொண்டால் விடிகாலையில் துணி காயப்போட்ட கொடியில்கூட புகை வாசம் அடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் 42.195 கிலோமீட்டருக்கு உடம்பைத் தயார் பண்ண வேண்டும்.

எனக்கு வயது 44. ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று கிளினிக்கில் சொன்னதும் நடக்க ஆரம்பித்தேன், அப்புறம் ஓட ஆரம்பித்தேன். அந்தக் கதை எல்லாரிடமும் இருக்கிறது, விடுங்கள். நான் சொல்ல வந்தது 2023-இல் எப்படி நாசமாகப் போனேன், 2024-இல் அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதை.

2023-இல் நாலரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்று ஆசை. அதற்குக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி போக வேண்டும். கணக்கெல்லாம் கடையிலேயே தாளில் எழுதிவிட்டேன். கணக்குப் பிள்ளைக்குத் தாளில் எழுதியது நடந்துவிட்ட மாதிரிதான்! ஓட்டம் தொடங்கும் டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்தில் இருட்டில் ஆயிரக்கணக்கான பேர், ஒலிபெருக்கி, முன்னால் குறித்த வேகத்தில் ஓடி வழிகாட்டும், பலூன் கட்டிய பேசர். உடம்பு லேசாக இருந்தது. இரண்டு வாரம் ஓட்டத்தைக் குறைத்து ஓய்வெடுத்த உடம்பு அப்படித்தான் இருக்கும், அதை நம்பக் கூடாது என்று அன்றைக்குத் தெரியாது. பலூனையும் தாண்டிப் போனேன். முதல் பத்து கிலோமீட்டர் 61 நிமிடம். பாதித் தூரம் இரண்டு மணி 12 நிமிடம். கணவருக்குப் படம் எடுத்து அனுப்புகிற அளவுக்குத் தெம்பு இருந்தது.

முப்பத்தோராவது கிலோமீட்டரில் இடது கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. சதை தோலுக்கு அடியில் எலி ஓடுவது போல நெளிந்ததைக் கண்ணாலேயே பார்த்தேன். சாலைத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தன்னார்வலர் பையன் ஒருவன் ஓடிவந்து ஸ்ப்ரே அடித்தான். வாடை மூக்கைத் துளைத்தது, கால் என்னவோ அப்படியேதான் இருந்தது. “ஆன்ட்டி, போலே, போலே!” என்று கத்தினான், மலாயில் முடியும், முடியும் என்று. எனக்கு முடியாது என்பது அவனைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அப்புறம் நூறு அடி ஓட்டம், இருநூறு அடி நடை. வெயில் ஏறிவிட்டது. நான் தாண்டி வந்த மெதுவான ஆட்கள் எல்லாம், என்னைவிட வயதான ஒரு சீன அம்மா உட்பட, ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். 5 மணி 41 நிமிடத்தில் முடித்தேன். முதல் பாதி 2:12, இரண்டாம் பாதி 3:29. கடையில் இப்படி ஒரு கணக்கை எழுதியிருந்தால் முதலாளி அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது: “காசு கட்டிப் போயி நொண்டிக்கிட்டு வர்றியா?” அப்புறம் எத்தனை மணிக்குத் தொடங்கினார்கள் என்று கேட்டார். இருட்டிலேயே என்றதும், “அப்ப விவரமானவங்கதான்” என்றார்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். அந்த வேலையும் இருட்டிலேயே தொடங்கும், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு. வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் நீர் அழுத்தம் அதிகம் என்பதால் பால் நன்றாக இறங்கும். சூரியன் வந்து இலை நீரை வெளியே விட ஆரம்பித்தால் பால் இறங்குவது குறைந்துவிடும். ஆகவே நேரத்தோடு போட்டிதான். ஆனாலும் புதிதாக வந்த பெண்கள் முதல் நூறு மரத்தை ஓட்டமும் நடையுமாக வெட்டுவார்களாம். கை பதறி, கத்தி ஆழமாகப் போய், பட்டையில் காயம் விழும். பின்னால் கங்காணி வந்து ஒவ்வொரு காயத்தையும் எண்ணுவார். “ஐந்நூறு மரம் இருக்குடி, முதல் மரத்துக்கிட்ட என்ன அவசரம்?” என்று அம்மாவுக்குக் கிடைத்த திட்டை அம்மா எனக்குத் தந்தார். அவர் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னதால் நானும் பதில் பேசவில்லை.

2024-க்கு ஜூன் நடுவில் ஆரம்பித்தேன். பதினாறு வாரம். நாலரை மணியைக் கைவிட்டேன், ஐந்து மணி நேரம் போதும். அதற்குக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடி. ஆனால் பயிற்சி ஓட்டத்தில் பெரும்பகுதியை அதைவிடவும் மெதுவாக, எட்டு நிமிடத்துக்குப் பக்கத்தில் ஓட வேண்டும். பேச்சு மூச்சுத் திணறாமல் வர வேண்டும், அதுதான் அளவு. வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேகம். ஞாயிறு நீண்ட ஓட்டம். இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது, விடிகாலை நாலரைக்குத் தோட்டத்துச் சடக்கில் ஒரு பொம்பளை தனியாக ஓடுவது எப்படி என்பது. நாய்கள் ஒரு பக்கம், காட்டுப்பன்றி ஒரு பக்கம், நடுச் சடக்கில் சூட்டுக்காகப் படுத்திருக்கும் பாம்பு ஒரு பக்கம்.

அதனால் வீட்டுக்காரர் மோட்டாரில் பின்னால் வருவதாக ஏற்பாடு. அவருடைய பழைய காப்சாயில் முதல் கியரில் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் போனால் எனக்குச் சரியான வேகம், கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம். அந்த வேகத்தில் மோட்டார் நிற்கவும் மாட்டேன் என்கிறது, போகவும் மாட்டேன் என்கிறது. இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, தடுமாறிக்கொண்டு, “கொஞ்சம் வேகமா ஓடேன், கிளட்ச் வேகுது” என்பார். இதைக் கேட்டுத்தான் முதல் இரண்டு வாரமும் நான் தேவைக்கு மேல் வேகமாக ஓடினேன் என்பது பிறகு தெரிந்தது. ஊரில் ஓட்டக்காரர்களைக் கெடுக்க எத்தனையோ இருக்கின்றன, எனக்கு ஒரு கிளட்ச்.

மூன்றாவது வாரம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்க ஆந்தை வளர்ப்பார்கள், அதற்காகக் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பார்கள். அவர் முன்னால் போய் ஒரு ஆந்தைப் பெட்டிக்குக் கீழே மோட்டாரை நிறுத்தி, விளக்கை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நிற்பார். நான் அந்த வெளிச்சத்தை நோக்கி ஓடுவேன். வந்ததும் இரண்டு மடக்குத் தண்ணீர், அவர் அடுத்த பெட்டிக்குப் போவார். சில நாள் பெட்டியிலிருந்து வெள்ளையாக ஒன்று சத்தமே இல்லாமல் விளக்கைக் கடந்து போகும். அவர் அதைப் பார்த்துவிட்டு முருகா என்பார்.

இன்னொரு தொல்லை கைக்கடிகாரம். முதிர்ந்த செம்பனைக்குள் மட்டைகள் மேலே கூரை போலச் சேர்ந்துவிடும். உள்ளே போனால் செயற்கைக்கோள் சரியாகப் பிடிக்காது, ஒரு கிலோமீட்டர் ஆறரை நிமிடம் என்று காட்டும், அடுத்தது எட்டரை என்று காட்டும். நான் ஒரே மாதிரிதான் ஓடிக்கொண்டிருப்பேன். தோட்டத்தில் வேலை பார்த்த மாமனார்தான் சொன்னார், மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர், எண்ணிக்கொள் என்று. சடக்கோரமாக 111 மரம் என்றால் ஒரு கிலோமீட்டர். 55 மரத்துக்கு மூன்றரை நிமிடம் என்றால் ஐந்து மணி நேர மாரத்தானுக்கான வேகம். எண்ணி எண்ணி, இரண்டு மாதத்தில் கடிகாரத்தைப் பார்க்காமலே மூச்சின் சத்தத்தை வைத்து வேகம் தெரிய ஆரம்பித்தது. இந்த ஊரில் மரத்துக்குப் பஞ்சமில்லை. மலேசியாவில் முதன்முதலாக வியாபாரத்துக்காகச் செம்பனை நட்டதே இங்கே, அன்றைய பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல். செம்பனைத் தோட்டத்துக்குப் பெயர் தென்னமரம்! வைத்தவர் யாராக இருந்தாலும் எனக்குப் பிடிக்கும்.

வேகத்தைவிட எனக்குப் பெரிய பாடம் ஈரப்பதம். நம் ஊர் விடிகாலை 24, 25 டிகிரிதான், குளிர்ச்சி என்று தோன்றும். ஆனால் காற்று நனைந்த துணி மாதிரி இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், இங்கே அது சொட்டிக்கொண்டு மட்டும் இருக்கும். ஒரு ஞாயிறு ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில், அரை லிட்டர் குடித்த பிறகும், 1.4 கிலோ குறைந்திருந்தது. உடம்பில் நீர் குறையக் குறைய ரத்தத்தின் அளவும் குறைகிறது, அதே வேகத்துக்கு இதயம் இன்னும் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. முதல் மணியில் சுகமாக இருந்த வேகம் மூன்றாம் மணியில் சுமையாவது இதனால்தான். பெர்லின் ஓட்டக்காரரின் அட்டவணையை அப்படியே எடுத்து இங்கே ஓடினால் என் 2023 தான் நடக்கும்.

செப்டம்பர் முதல் ஞாயிறு 32 கிலோமீட்டர், எட்டு கிலோமீட்டர் சுற்று நான்கு. அதோடு உச்சம் முடிந்தது, பிறகு குறைப்பு. புகைமூட்டத்துக்குப் பயந்து தினமும் காற்று மாசுக் குறியீட்டைப் பார்ப்பேன், 100-ஐத் தாண்டினால் ஓட்டம் இல்லை. 2015-இல் கோலாலம்பூர் மாரத்தானே புகையால் ஓட்டத்துக்கு முந்தைய நாள் ரத்தானது. அந்த வருஷம் தயாரானவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் புரட்டாசி பிறந்தது. எல்லாரும் கேட்டார்கள், இறைச்சி இல்லாமல் எப்படி ஓடுவாய் என்று. உண்மையில் மாரத்தானுக்கு இதைவிடத் தோதான மாதம் இல்லை. கடைசி மூன்று நாள் உடம்பில் மாவுச்சத்தை நிரப்ப வேண்டும். தசையிலும் ஈரலிலும் சேரும் அந்த இருப்பு முப்பது கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோவதைத்தான் சுவரில் மோதுவது என்கிறார்கள். இட்லி, இடியப்பம், தயிர்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று நம் விரதச் சாப்பாடு முழுக்க அதுதான். புரதத்துக்குத் தெம்பேயும் (புளிக்க வைத்த சோயா) பயறும். ஓடும்போது மட்டும் சக்திக்காக உறிஞ்சும் இனிப்பு ஜெல் வேண்டியிருந்தது. ஒரு பாக்கெட் விலைக்கு இரண்டு பேர் பசியாறலாம் என்று கடுப்பு, ஆனாலும் நாலு வாங்கினேன். நடுவில் பேரீச்சம்பழம்.

ஓட்டத் திட்டம் உள்ளங்கை அளவு தாளில் இருந்தது. முதல் பத்து 7:20 வேகம். பத்திலிருந்து முப்பது வரை 7:05. முப்பதில் மூன்று மணி 35 நிமிடம் ஆகியிருக்கும், மிச்சம் 12.2 கிலோமீட்டருக்கு 85 நிமிடம். கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023 அக்டோபரில் சிகாகோவில் 2:00:35 ஓடி உலகச் சாதனை வைத்தபோது முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. நான் சாலைத் தடுப்பைப் பிடித்து நின்ற அதே மாதம்! நாலு மாதத்தில் கார் விபத்தில் போய்விட்டார், 24 வயதில். அந்த இரண்டு எண்களையும் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

முதல் பத்து கிலோமீட்டர்தான் கொடுமை. எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். சேலைக்கு மேல் எண் அட்டை குத்திய ஒரு அம்மா தாண்டினார். வாழைப்பழ உடை போட்ட ஒருவர் தாண்டினார். வாழைப்பழத்திடம் தோற்பது லேசான காரியம் இல்லை. மரம் எண்ணிப் பழகியதால் விளக்குக் கம்பத்தை எண்ணிக்கொண்டு போனேன். தண்ணீர் மேசை ஒன்றையும் விடவில்லை, ஒவ்வொன்றிலும் நடந்துகொண்டே இரண்டு கோப்பை, ஒன்று குடிக்க, ஒன்று தலைக்கு. பாதியில் 2:32:20. முப்பதில் 3:35:40, திட்டத்துக்கு 40 விநாடி பின்னால்.

முப்பத்தொன்றில் கெண்டைக்காலைக் கவனித்தேன். ஒன்றும் இல்லை. முப்பத்து நான்கில் வாழைப்பழம் ஓரமாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தது. சந்தோஷப்படக் கூடாதுதான். கடைசி ஏழு கிலோமீட்டர் வலித்தது, ஆனால் அது ஓடுகிற வலி, நிற்கிற வலி இல்லை. வேகத்தைக் கூட்டப் பார்த்தேன், கூடவில்லை. அதே ஏழு நிமிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

5:02:18. இரண்டாம் பாதி 2:29:58, முதல் பாதியைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் குறைவு. கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தேன். ஐந்து மணியை விட்டதில் வருத்தம் இருக்கத்தான் செய்தது.

டத்தாரான் புல்வெளியில் வீட்டுக்காரர் தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் தேநீர்) பையோடு நின்றிருந்தார். பதக்கத்தைப் பார்க்கவில்லை. “ரெண்டு நிமிஷம் எங்க போச்சு?” என்றார். கழிவறை வரிசையில் என்றேன். வண்டியில் வரும்போது பேச்சே இல்லை. ரவாங் தாண்டியதும் தானாகச் சொன்னார், பின் சக்கரத்து ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக மாற்றினால் முதல் கியரில் இன்னும் மெதுவாகப் போகலாமாம், பட்டறைத் தம்பியிடம் விசாரித்தாராம். போன சனிக்கிழமை மாற்றிவிட்டார். இப்போது கடைத்தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் அவரைத் தாண்டிப் போகிறார்கள்.