ஒரு நிரலுக்கு மட்டும் மார்ச் 31

நான் பராமரிக்கும் பில்லிங் மென்பொருளில், நிதியாண்டு மாறும் நொடியில் பில் எண் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். மார்ச் 31 நள்ளிரவில் மட்டுமே நிகழும் இந்த மாற்றத்தைச் செப்டம்பரில் சோதிப்பதற்காக, நெடுநாள் கணினியின் கடிகாரத்தையே மாற்றிவந்தேன். அது தவறான வழி. கணினியின் நேரத்தை இணையத்தின் வழியே சரிபார்க்கும் என்டிபி சேவை, சோதனையின் நடுவிலேயே நேரத்தைத் திருத்திவிடும். உலாவி, இணையதளங்களின் செல்லுபடியாகும் பாதுகாப்புச் சான்றிதழ்களையும் காலாவதியானவை என்று மறுக்கும். கடிகாரத்தைத் திரும்பச் சரிசெய்த பிறகும், எதிர்காலத் தேதி பதிந்த கோப்புகளைப் பார்த்து, நிரலைத் தொகுக்க உதவும் 'மேக்' (make) கருவி அந்தத் தேதி வரும் வரை எச்சரித்துக்கொண்டிருக்கும்.

இப்போது லினக்ஸில் லிப்ஃபேக்டைம் (libfaketime) என்ற கட்டற்ற நிரலகத்தைப் (லைப்ரரி) பயன்படுத்துகிறேன். நேரத்தை அறிய விரும்பும் நிரல் சி மொழியின் அடிப்படை நிரலகத்தின் செயற்கூறு ஒன்றைத்தான் பெரும்பாலும் அழைக்கிறது. எல்டி பிரீலோட் (LD_PRELOAD) என்னும் சூழல் மாறியின் (நிரலைத் தொடங்கும்போது அதற்குத் தரப்படும் அமைப்பு) வழியே லிப்ஃபேக்டைம் முன்னதாக ஏற்றப்பட்டு, அந்த அழைப்பை இடைமறித்து, நாம் குறித்த நேரத்தை விடையாகத் தருகிறது. கணினியின் உண்மையான கடிகாரம் தொடப்படுவதே இல்லை என்பதால், நிர்வாகிக்குரிய ரூட் அனுமதியும் வேண்டியதில்லை.

முதல் முயற்சியில், நேரத்தைக் குறிக்கும் ஃபேக்டைம் (FAKETIME) சூழல் மாறியில் மார்ச் 31, 23:59:50 என்று எழுதிவிட்டு நள்ளிரவுக்காகக் காத்திருந்தேன், அது வரவேயில்லை. அந்த மாறியில் வெறும் தேதியும் நேரமும் கொடுத்தால் கடிகாரம் அங்கேயே உறைந்து நிற்கும். முன்னால் '@' குறியை இட்டால்தான் அந்தக் கணத்திலிருந்து ஓடத் தொடங்கும். இந்த ஒற்றைக் குறிக்காக ஒரு பிற்பகல் முழுவதையும் செலவிட்டேன். இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு: நாள்காட்டி நேரத்தோடு, முன்னோக்கி மட்டுமே நகர வேண்டிய மோனோடோனிக் கடிகாரத்தையும் லிப்ஃபேக்டைம் இயல்பாகவே மாற்றிக் காட்டுவதால், காலவரம்பு வைத்துக் காத்திருக்கும் இழைகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பணிகள்) சில வேளைகளில் விழிக்காமலே போய்விடுகின்றன. அதைத் தவிர்க்கத் தனி அமைப்பு இருக்கிறது. பல இழைகளுள்ள நிரலென்றால் அதை முதலிலேயே இட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

நிரலகங்களையும் தமக்குள்ளேயே நிலையாக இணைத்துத் தொகுக்கப்பட்ட நிரல்களிடம் இந்த உத்தி செல்லாது. சி நிரலகத்தை நாடாமல் இயங்குதளத்தின் கருவான கர்னலிடமே நேரத்தைக் கேட்கும் கோ மொழி நிரல்களும் அப்படியே. எங்கள் அறிக்கைச் சேவை கோ மொழியில் எழுதப்பட்டது. பில் மார்ச் 31-ஐக் காட்டும்போது அதன் அறிக்கை செப்டம்பர் தேதியோடு வெளிவந்தது. அந்தச் சேவைக்காக மட்டும் தனியே ஒரு மெய்நிகர் இயந்திரம் வைத்து, அதன் கடிகாரத்தை மாற்றிக்கொள்கிறேன்.