தேரி மேட்டில் ரெண்டு கோடு

2025இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11ஆம் தேதி வந்தது. விற்பனைக் கணக்கைக் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-1 என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்யக் கடைசி நாளும் மாதா மாதம் 11தான். என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இவ்வளவு சொன்னாலே வயிறு கலங்கிவிடும். மற்றவர்களுக்காக மீதியையும் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் இருபத்தோரு வருடமாக வரிக்கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் கடைக்காரர்கள். அவர்களில் இரும்புக்கடை அண்ணாச்சி ஒருவர் உண்டு. பில் கட்டைப் பத்தாம் தேதிக்கு முன்னால் அவர் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. 11ஆம் தேதி ராத்திரிக்குள் அவருடைய ரிட்டர்ன் ஏறாவிட்டால் வாங்கினவருக்கு 14ஆம் தேதி வருகிற 2பி என்ற வரி வரவுப் பட்டியலில் அவர் விற்ற சரக்கு இருக்காது. சரக்குக்குக் கொடுத்த வரிக்கு வாங்கினவருக்கு அந்த மாதம் வரவு கிடைக்காது. வாங்கினவர் அண்ணாச்சிக்குத் தரவேண்டிய பணத்தை நிறுத்துவார், அண்ணாச்சி என்னை நிறுத்துவார்.

ஆனால் அந்த வருடம் நான் ஊரில் இருக்க முடியாது. மும்பையிலிருந்து அத்தானும் அக்காவும் ஒன்பது வருடம் கழித்து உத்திரத்துக்கு வருகிறார்கள். பெரியப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. “இந்தத் தடவ எல்லா இடத்தையும் சுத்திக் காட்டிருல, அப்புறம் நான் கேக்க மாட்டேன்” என்றுவிட்டார். முதலில் காரையாறு சொரிமுத்தையனார். அங்கிருந்து களக்காடு, நாங்குநேரி, உவரி. கடைசியாக எங்கள் குலசாமி சாஸ்தா, தேரி என்கிற செம்மணல் மேட்டுக்காட்டுக்குள் இருக்கிறவர். வேன் பேசியாயிற்று. 9ஆம் தேதி சாயங்காலம் ஏறினோம்.

அத்தானுக்கு மின்சாதனங்கள் என்றால் உயிர். மும்பையிலிருந்து உள்ளங்கை அகல வை-ஃபை ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதற்கு ஒரு சிம், காந்தம் வைத்து வேன் கூரையில் ஒட்டுகிற ஆன்டெனா, சார்ஜர், ஒரு செங்கல் கனத்தில் பவர் பேங்க். “மாப்ள, நீ காட்டுக்குள்ள உக்காந்து ஃபைல் பண்ணலாம்” என்றார். சாட்டிலைட்டில் சேதி அனுப்பும் கருவி ஒன்றையும் வாங்க நினைத்தாராம். நல்லவேளை, வாங்கவில்லை. நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அந்த மாதிரிக் கருவியை வைத்திருப்பது குற்றம். விவரம் தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுக்காரர்களே உண்டு.

பாபநாசம் செக்போஸ்டில் வண்டி எண் எழுதிக்கொண்டு, பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று துழாவிவிட்டு விட்டார்கள். மேலே ஏற ஏற என் போனில் 5ஜி போய் 4ஜி ஆனது. அப்புறம் அதுவும் போனது. முண்டந்துறைக் காடு. 1988இல் களக்காட்டோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். புலிக்கு டவர் எதற்கு?

அத்தானின் ரவுட்டர் மட்டும் பச்சை விளக்கோடு ஜம்மென்று இருந்தது. வேனில் எல்லார் போனிலும் வை-ஃபை முழுசாகக் காட்டியது. நெட் வரவில்லை. அத்தான் அதை அணைத்து அணைத்துப் போட்டார், ஆன்டெனாவை இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார். போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே இருக்கிற வை-ஃபை வேறு, ரவுட்டருக்கும் டவருக்கும் நடுவே இருக்க வேண்டிய தொடர்பு வேறு என்பது பின் சீட்டில் இருந்த பெரியப்பாவுக்குத்தான் முதலில் விளங்கியது. “சட்டியில இருந்தாத்தானய்யா அகப்பையில வரும்” என்றார். அதற்குப் பிறகு அத்தான் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. அதையும் தப்புச் சொல்ல முடியாது. அரைகுறையாக டவர் இருக்கிற இடத்தில் வெளி ஆன்டெனா நிஜமாகவே உதவும். வேனின் தகரக் கூட்டுக்குள் கிடக்கிற போனைவிடக் கூரைமேல் இருக்கிற ஆன்டெனாவுக்கு நன்றாகவே எடுக்கும். அறவே இல்லாத இடத்தில் அது என்ன செய்யும், பாவம்.

கோயிலில் கும்பிட்டு ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு இருக்கும்போது டிரைவர் தம்பி ஒரு பாறைமேல் ஏறி நின்று அவன் வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தான். கையில் பொத்தான் போன். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் சாமான். நாற்பதாயிரம் ரூபாய் போன்கள் நாலும் செத்துக் கிடக்க, அதில் மட்டும் ஒரு கோடு.

இதில் மாயம் ஒன்றுமில்லை. அலைவரிசை எண் கூடக் கூட வேகம் வரும், தூரம் வராது. நகரத்தில் பறக்கிற 5ஜி பெரும்பாலும் 3500 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகிறது. ஒரு சுவர், நாலு மரம் என்றாலே அதற்கு மூச்சு வாங்கும். பழைய 2ஜிக்கு 900. அதில் நெட் வேகம் குறைவு, ஆனால் மலை இடுக்கில் வளைந்து நெளிந்து வந்து சேரும். வாட்ஸ்அப்பில் ஒரு படம் போகாத இடத்தில் எஸ்எம்எஸ் போய்விடும். நானும் அந்தப் பாறையில் ஏறி அந்தத் தம்பி போனில் இரும்புக்கடை அண்ணாச்சிக்கு ஒரு எஸ்எம்எஸ் தட்டினேன்: ‘பில் எல்லாம் இன்று இரவுக்குள் வாட்ஸ்அப்பில் போட்டு வையுங்கள்.’ பொத்தான் போனில் தமிழ் அடிக்கப் பத்து நிமிடம்.

நம் போன்களையோ சும்மா வைத்திருந்தால்கூடப் பொழுது சாயுமுன் பாட்டரி காலி. டவர் இல்லாத காட்டில் போன் ஓயாமல் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், அதற்குத்தான் தீனி. மலை ஏறியதும் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட வேண்டும். ஊர் எல்லை வந்ததும் எடுத்தால் புதிதாகத் தேடிச் சட்டென்று பிடிக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், என் அம்மாவுக்கே இது தெரியாது. உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், வேறு எந்தக் கம்பெனி டவராவது அங்கே எட்டினால் 112க்குப் பேசலாம்.

இறங்கி விக்கிரமசிங்கபுரம் வந்ததும் நான்கு போனும் ஒரே நேரத்தில் கத்தின. அண்ணாச்சி பில்களைப் போட்டிருந்தார். பாதி மங்கல், ஒன்று தலைகீழ். அன்று ராத்திரி களக்காட்டில் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து ஜிஎஸ்டிக்கான ஆஃப்லைன் டூலில் எல்லாவற்றையும் அடித்து ஃபைலாக்கி வைத்துவிட்டேன். அதற்கு நெட்டே வேண்டாம். மறுநாள் அந்தச் சின்ன ஃபைலை ஏற்றுகிற அளவுக்கு, ஐந்து நிமிட நெட் போதும். அன்றே ஏற்றியிருக்கலாமே என்பீர்கள். அண்ணாச்சி இரண்டு பில்லை விட்டுவிட்டார். விடியக்காலை அனுப்புவதாகச் சொன்னார், காலை பத்தரைக்கு அனுப்பினார்.

அப்போது நாங்கள் நாங்குநேரியிலிருந்து விஜயநாராயணம் வழியாகப் போய்க்கொண்டிருந்தோம். பொட்டல் காட்டில் வானத்தைக் கீறிக்கொண்டு நிற்கிற கம்பங்களைப் பார்த்துப் பெரியப்பா அது என்ன என்று கேட்டார். கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன். 1990இலிருந்து இருக்கிறது. கடலுக்குள் மூழ்கிக் கிடக்கிற நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் சேதி அனுப்புகிற இடம். புதிய கம்பங்கள் 471 மீட்டர். 18 கிலோஹெர்ட்ஸ் சொச்சத்தில் அனுப்புகிறார்கள். என் போனில் ஓடும் 1800 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்று ஒரு சாண் நீளம்கூட இராது. இங்கே ஓர் அலையின் நீளம் 16 கிலோமீட்டர். அதனால்தான் கடல் தண்ணீருக்குள்ளும் கொஞ்சம் இறங்குகிறது. பேச்சு போகாது, படம் போகாது, வெறும் எழுத்து. அதுவும் ஒரு வழிதான். கப்பல் பதில் போட முடியாது. “பொத்தான் போனுக்குப் பாட்டன்னு சொல்லு” என்றார் அத்தான். ரவுட்டர் விஷயத்துக்குப் பிறகு அவர் வாய் திறந்தது அங்கேதான்.

வேனிலேயே அந்த இரண்டு பில்லையும் சேர்த்தேன். உவரியில் தரிசனம், கடற்கரையில் அரை மணி நேரம். தேரிக்குள் நுழையும்போது மணி ஒன்று.

செம்மண் மேடுகள், முந்திரி, பனை. நடுவில் கோயில், அதைச் சுற்றி எத்தனை வேன், எத்தனை ஷாமியானா! எங்கெங்கோ பிழைக்கப் போன குடும்பங்கள் எல்லாம் அன்றைக்கு ஒருநாள் அந்த மணலில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தன. என் போனில் கோடு முழுசாக இருந்தது. அப்பாடா என்று மடிக்கணினியைத் திறந்தேன். சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கோடு என்பது டவர் எட்டுகிறதா என்றுதான் சொல்லும். அந்த டவரில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று சொல்லாது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் படையலைப் படம்பிடித்து அனுப்பினால் டவர் என்ன செய்யும்? இன்னொரு கம்பெனி சிம்முக்கு மாற்றினேன். அதுவும் அதே கதி.

பதநீர் வாங்கப் போன இடத்தில் கூகுள் பே வேலை செய்யவில்லை. விற்றவர் என் முகத்தைப் பார்த்தார். பட்டையில் நுங்கைத் தோண்டிப் போட்டுக்கொண்டே, “இங்கன நின்னு சுத்தாதிய. அந்தா, ரெண்டு முந்திரி தெரியுதுல்லா, அந்த மேட்டுக்குப் போங்க. எங்களுக்குத் துட்டு வந்துருக்கா இல்லையான்னு பாக்க அங்கனதான் ஏறுவோம்” என்றார். பதநீருக்குச் சில்லறையாகக் கொடுத்தேன்.

ஏறிப் பார்த்தால் ரெண்டே ரெண்டு கோடு. கீழே இருந்ததில் பாதி. ஆனால் மேட்டின் அந்தப் பக்கத்து ஊர் டவர், கூட்டம் இல்லாத டவர். பக்கம் சடசடவென்று திறந்தது.

பையன் குடை பிடித்தான். மணல் சுட்டது. ஃபைல் ஏறியது. ஓடிபி அண்ணாச்சி போனுக்குத்தான் போகும், அவருக்கு எஸ்எம்எஸ் அனுப்பத் தெரியாது, வாசிக்கத்தான் தெரியும். ஒரு போனை நெட்டுக்கு வைத்துவிட்டு மனைவியின் போனில் அவரைக் கூப்பிட்டேன்.

“ஏழு... நாலு... இருங்க, கண்ணாடிய எங்க வச்சேன்...”

“அண்ணாச்சி, சீக்கிரம்.”

“கடையில ஆள் நிக்காவ, இருங்க.”

ஆணி எடை போட்டுக் காசு வாங்கிக் கல்லாவில் போடுகிற சத்தம் வரை கேட்டது. அதற்குள் அந்த ஓடிபி காலாவதி. இரண்டாவது ஓடிபியில் ஐந்தையும் எட்டையும் மாற்றிச் சொன்னார். மூன்றாவதில் ஏறியது. மணி இரண்டு நாற்பது.

நான் இறங்கி வரும்போது பூசை முடிந்து இலை போட்டிருந்தார்கள். பெரியப்பா ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் இடம் காட்டினார். அத்தான்தான் மேட்டைப் பார்த்து, “எந்த முந்திரி?” என்று கேட்டுவிட்டு, சாப்பிட்ட கையோடு ரவுட்டரை எடுத்துக்கொண்டு ஏறினார்.

மடிக்கணினியில் ஸ்பேஸ் கட்டையை அழுத்தினால் இன்னும் நறநறவென்கிறது. கடையில் கொடுத்தால் கழற்றித் துடைத்துத் தருவார்கள். ஒவ்வொரு மாதமும் 11 முடியட்டும் என்று பார்க்கிறேன், அதற்குள் அடுத்த ரிட்டர்னுக்கான 20 வந்துவிடுகிறது.