கவுட்: மாத்திரையை நிறுத்தாதீர்கள்

வலி வந்த அன்றே எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் சரியான அளவில் இருந்தால், கவுட் (ரத்தத்தில் யூரிக் ஆசிட் என்ற கழிவு கூடி, மூட்டில் படிந்து வீங்கி வலிக்கிற நோய்) இல்லை என்று அதோடு விட்டுவிடாதீர்கள். எனக்கு அப்படித்தான் வந்தது. பெருவிரல் மூட்டு சிவந்து, பளபளவென்று வீங்கி, வேட்டி நுனி பட்டாலே உயிர் போகிற வலி. சுளுக்கு என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

வலிக்கும் நேரத்தில் ரத்தத்தில் அளவு இறங்கித் தெரியலாம் என்பதைக் காரைக்குடியில் அப்புறம் பார்த்த டாக்டர்தான் சொன்னார். வீக்கம் வற்றி இரண்டு வாரம் கழித்து எடுத்தால் 9.1. டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரையாமல் ஊசி ஊசியாக மூட்டில் படிந்துவிடும். 6-க்குக் கீழே வைத்திருந்தால் படிந்ததும் மெல்லக் கரையும்.

வீட்டில் ஆளாளுக்கு வைத்தியம். அயித்தை பருப்பையும் கீரையையும் விடச் சொன்னார்கள். அக்கா மூட்டுக்கு நல்லதென்று மிளகு தட்டிப் போட்டு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொண்டுவந்தார். டாக்டர் சொன்னது நேர்மாறு: பருப்பும் கீரையும் தாராளமாகச் சாப்பிடலாம்; சூப், ஈரல், குடல், நெத்திலி, மத்தி, இறால்தான் குறைய வேண்டும். பீர் கூடவே கூடாது. விசேஷ வீட்டில் கையில் கொடுக்கிற கலரும் வேண்டாம், அந்தச் சர்க்கரையும் யூரிக் ஆசிட்டை ஏற்றும். நான் போட்டுவந்த பிபி மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருந்தது, அதுவும் ஏற்றுமாம். லோசார்டன் என்ற வேறு பிபி மாத்திரைக்கு மாற்றினார். பிபி மாத்திரை போடுகிற எல்லோரும் இதை டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

ஆனால் பத்தியம் மட்டும் இருந்தால் ஒரு புள்ளி அளவுக்குத்தான் இறங்கும். அதனால் யூரிக் ஆசிட்டைக் குறைக்கிற அலோபுரினால் மாத்திரையை 100 மில்லிகிராமில் தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்டினார். கூடவே வீக்கம் திரும்ப வராமல் தடுக்கச் சில மாதம் கோல்சிசின் மாத்திரை, சின்ன அளவில். நம்ம செங்காந்தளில் இருக்கிற அதே நஞ்சுதான் அது. அளவு மீறினால் ஆபத்து, கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

மாத்திரை ஆரம்பித்த பிறகும் ஒரு தடவை விரல் வீங்கியது. இங்கேதான் பலரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி நிறுத்திவிட்டு வருஷக்கணக்கில் அவதிப்படுகிறவர் இருக்கிறார், பார்க்கவே மனசு கேட்கவில்லை. பழைய படிகம் கரையும்போது அப்படி வலிக்கும், தொடர்ந்து போடுங்கள் என்றார் டாக்டர். தோலில் தடிப்போ அரிப்போ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு ஓடி வரச் சொன்னார், எனக்கு வரவில்லை. போன தடவை ரிப்போர்ட்டில் 5.4. அதே அளவு மாத்திரையை இப்போதும் தினமும் போடுகிறேன்.