சமுதாயக் கூடத்துக்குத் தளம் போட்ட நாள்

காரைக்குடி பக்கம் எங்கள் ஊரில், ஊர் வரி போட்டுக் கட்டிவரும் சமுதாயக் கூடத்துக்குப் போன மாதம் மேல்தளம் போட்டோம். இதை விழாவாக நடத்த நினைக்கும் ஊர்களுக்கு ஒன்று சொல்வேன்: கொண்டாட்டத்தைக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சட்டி கான்கிரீட்டைத் தன் கையால் கொட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. வரி கொடுத்தவர்கள், ஆசைப்படாமல் எப்படி? ஆனால் கட்டிவைத்த கம்பி மேல் ஊரே ஏறி நடந்தால், தளத்தைத் தாங்கும் பீமுக்கு மேலே நிற்க வேண்டிய கம்பி மிதிபட்டு இறங்கிவிடும். அது மேலே இருந்தால்தான் அந்த இடத்தில் தளம் விரிசல் விடாமல் தாங்கும். முந்தின நாள்தான் இன்ஜினியர் குனிந்து குனிந்து பார்த்து, கம்பி பலகையைத் தொட்ட இடத்திலெல்லாம் அதைத் தூக்கி நிறுத்த 20 மி.மீ. கவர் பிளாக் என்கிற சின்னக் கட்டையை அடியில் வைக்கச் சொல்லியிருந்தார். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கம்பி துருப்பிடித்து, பின்னாளில் காரை பெயர்ந்து விழும்.

மேஸ்திரிதான் வழி சொன்னார்: "அண்ணே, எல்லாரும் கீழயே சட்டியைத் தொட்டுக் கொடுக்கட்டும், நாங்க மேல கொண்டுபோயிடுறோம்." பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டதும், ஊரில் மூத்த ஆச்சி சட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தொட்டுக் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறிப் போய் ஈசானிய மூலையில் விழுந்தபோது பெண்கள் போட்ட குலவை இருக்கிறதே, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காலையில் எல்லாருக்கும் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் கொடுத்தோம். விருந்தை மதியம் வைக்கவில்லை. நடுவில் கலவை போடும் மிக்சர் நின்று, போட்ட கான்கிரீட் இறுகிவிட்டால், அப்புறம் போடுவது அதோடு சரியாகச் சேராது. அந்த இணைப்பில் தண்ணீர் கசியும். வேலையாட்கள் முறை வைத்துச் சாப்பிட்டார்கள். சாயங்காலம்தான் கறிச்சோறு. முதல் பந்தி அவர்களுக்கு. மேஸ்திரிக்கும் கொத்தனார்களுக்கும் வேட்டி துண்டு, சித்தாள் பெண்களுக்குச் சேலை. சேலையை அங்கேயே பிரித்துத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாளே தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். பீம் 6 மீட்டருக்கு மேல் நீளம் என்பதால் அடியில் தாங்கி நிற்கும் முட்டுக்கால்களை 21 நாளுக்குப் பிரிக்கக் கூடாது. அதற்குள் ஒரு வீட்டார் காதுகுத்துக்கு இடம் கேட்டு வந்தார்கள். முட்டுக்கால்களைப் பிரித்துப் பூச்சும் முடியட்டும், முதல் விசேஷம் உங்களுடையதுதான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.