முதலில் மருந்தா, முதுகுத்தண்டு நீரா?

"முதுகுத்தண்டு நீரை எடுத்துட்டு மருந்து போடலாமா மேடம்? அஞ்சே நிமிஷம்தான்." பயிற்சி மருத்துவர் கேட்டதில் தப்பில்லை. "வேண்டாம், முதல்ல மருந்து" என்று நான் சொன்னது சரிதானா என்ற யோசனைதான் இன்னும் விட்டபாடில்லை.

எட்டு மாதக் குழந்தை, 8 கிலோ. மூளை உறையில் கிருமி தொற்றும் மெனிஞ்சைட்டிஸோ என்ற சந்தேகம். இரண்டு நாளாகக் காய்ச்சல். வலிப்பு அப்போதுதான் நின்றிருந்தது. இந்த நோயின் அடையாளமான கழுத்து விறைப்பு இல்லை. கைக்குழந்தைகளிடம் அதற்காகக் காத்திருக்கவே கூடாது. அழுகை ஓய்ந்த நேரத்தில் நிமிர்த்திப் பிடித்து உச்சிக்குழியைத் தடவிப் பார்க்க வேண்டும். புடைத்திருந்தது. தூக்கினால் வீறிட்டது, கீழே விட்டால் மயங்கிக் கிடந்தது. கை கால் சில்லிட்டிருந்தன. நெஞ்சில் 5 விநாடி அழுத்தி விரலை எடுத்தால், நிறம் திரும்ப 4 விநாடி ஆனது.

ரத்த ஓட்டம் இப்படித் தளர்ந்திருக்கும்போது நீர் எடுக்க முதுகை வளைத்துப் பிடித்தால் மூச்சே நின்றுபோகலாம். அதனால் ரத்தக் கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) சர்க்கரையும் எடுத்த கையோடு டெக்ஸாமெத்தசோன் (வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு) 1.2 மி.கி., செஃப்ட்ரியாக்ஸோன் (ஆன்டிபயாட்டிக்) 640 மி.கி., சலைன் 80 மி.லி. அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன்தான். ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தோ சற்று முன்போ போனால்தான், இந்த நோய் பறித்துவிடக்கூடிய செவித்திறனைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் கணக்கே வேறு: டெக்ஸாமெத்தசோன் கிடையாது, லிஸ்டீரியா என்ற கிருமிக்காக ஆம்பிசிலின் ஆன்டிபயாட்டிக்கும் சேரும்.

மறுநாள் எடுத்த நீரில் நியூட்ரோஃபில்கள் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள்) குவிந்திருந்தன, சர்க்கரை குறைந்திருந்தது. நோய் உறுதி. ஆனால் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. மெனிங்கோகாக்கஸ் என்ற கிருமியாக இருந்தால் மருந்து ஏறிய இரண்டு மணி நேரத்திலேயே நீரிலிருந்து மறைந்துவிடக்கூடும். செத்த கிருமியையும் காட்டிக்கொடுக்கிற பி.சி.ஆர். சோதனை வசதி அங்கே இல்லை.

முதலிலேயே எடுத்திருந்தால் கிடைத்திருக்குமா? ரத்தக் கல்ச்சர் மருந்துக்கு முன்பே எடுத்ததுதான், அதிலும் ஒன்றுமில்லை. வெளியே கொடுத்த அமாக்ஸிசிலின் சிரப் ஏற்கெனவே வேலையைக் காட்டியிருக்கலாம். இப்படி யோசித்தால் மனம் கொஞ்சம் ஆறுகிறது. "எந்தக் கிருமி டாக்டர்? வீட்ல மத்த பிள்ளைங்களுக்கும் மருந்து வேணுமா?" என்று அம்மா கேட்டது நினைவுக்கு வந்தால் அந்த ஆறுதலும் போய்விடுகிறது. மெனிங்கோகாக்கஸ் என்றால் வீட்டில் எல்லோருக்கும் தடுப்பு மருந்து உடனே கொடுத்தாக வேண்டும். பெயர் தெரியாததால் அதையும் ஊகத்தில்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஊசியும் பத்து நாள் நீண்டது.

குழந்தை பால் குடிக்கிறது, சிரிக்கிறது. காது கேட்கிறதா என்பதைச் சிரிப்பை வைத்துச் சொல்ல முடியாது. உடல் தேறிய நான்கு வாரத்துக்குள் செவித்திறன் சோதனை நடந்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் முதல் வரியாக அதை எழுதியிருக்கிறது.